உப்புப் புள்ளி விழுந்த தாம்பாளம்

என் பூங்கொடிக் குட்டிக்கு,

‘குட்டி’ என்று எழுதியதுமே உனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எனக்கு இருவத்தெட்டு வயசாவுதுக்கா. குட்டியாம் குட்டி” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள்ளடி. உன்னைச் சண்டைக்கு இழுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று வியாழக்கிழமை. ரவாங் ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பிக்கிறேன். என் ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். மாவை எடுத்து உள்ளே வைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு அது என்ன சொல்லப் போகிறது என்பதுதான் மூன்று நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் ஜெல்தான் அது. நீ கடைசியாகச் செய்த அதே வேலை. கை மட்டும் என்னுடையது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். தப்பை ஒத்துக்கொள்வதும் நாலு பேர் முன்னால்தானே இருக்க வேண்டும்? அதனால் உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். கொட்டாவி விடாதே.

நாம் இருவரும் ஒரே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். நான் பல வருடமாக அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்பவள், வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டுபவள். நீ முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்த பெண். சொந்த ஊர் புக்கிட் ரோத்தான் என்றாய். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். நானும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து ரவாங்குக்குக் குடிவந்தவள் என்று தெரிந்ததும், ‘மேடம்’ என்பதை அந்த நிமிடமே விட்டுவிட்டு ‘அக்கா’வுக்குத் தாவிவிட்டாய். என்னிடம் அனுமதி கேட்டாயா? இல்லையே.

உன் வேலை, வெந்நீர் ஊற்றில் வாழும் ஓர் உயிரைப் பற்றியது. தஞ்சோங் மாலிமைத் தாண்டி, முட்டை வெந்துபோகிற அந்த ஊற்றில் நாம் இரண்டு பேரும் நீளக் கம்பில் போத்தலைக் கட்டித் தண்ணீர் எடுத்தோமே, அதிலிருந்து நீ வளர்த்தெடுத்தது. பார்க்க பாக்டீரியா மாதிரி இருக்கும், ஆனால் பாக்டீரியா இல்லை. ஆர்க்கியா என்று அதற்குத் தனிக் குலம். எண்பது டிகிரி சூட்டில் வைத்தால் கும்மாளம் போடும். நமக்கு இதமான சூட்டில் வைத்தால் சுருண்டு படுத்துவிடும். அதன் உடம்புக்குள் பெரிய டி.என்.ஏ. போக, சின்ன வளையமாக இன்னொரு டி.என்.ஏ.வும் உண்டு. அதன் பெயர் பிளாஸ்மிட்.

அந்த வளையம் எந்தப் பக்கம் முறுக்கிக் கிடக்கிறது என்பதுதான் உன் கேள்வி. இதைப் போயா வருடக்கணக்காகப் படிக்கிறாய் என்று உன் அம்மா கேட்டாராம். அதற்கு நீ, உன் பழைய தமிழ்ப்பள்ளியின் அறிவியல் நாளில் ஒரு ஈரப் போர்வையோடு போய்ப் பதில் சொன்னாய். இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கச் சொன்னாய். போர்வை கயிறானது. இன்னும் முறுக்கச் சொன்னாய். கயிறு தன் மேலேயே சுருண்டு திரண்டுகொண்டது.

“பாத்தீங்களா? டி.என்.ஏ. ஏற்கெனவே முறுக்குன கயிறு. அதே பக்கம் இன்னும் முறுக்குனா இறுகும். எதிர்ப்பக்கம் திருப்புனா தளரும். நம்ம ஒடம்புல அது தளர்ந்த பக்கம்தான் இருக்கு. ஆனா கொதிக்கிற தண்ணில அப்படித் தளர்ந்து கெடந்தா ரெண்டு இழையும் பிரிஞ்சிரும்லா. அதனால இதுங்க இறுக்கிப் போட்டு வச்சிருக்குங்க” என்றாய். உன் அம்மா பின் வரிசையில் உட்கார்ந்து, போர்வைத் தண்ணீர் தரையெல்லாம் சொட்டுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி இறுக்குவதற்கென்றே இந்த வெந்நீர் உயிர்களிடம் தனி நொதி ஒன்று இருக்கிறது. நம் ஊற்றிலிருந்து வந்ததும் அப்படித்தான் செய்கிறதா என்பதற்கு உன் கடைசி ஜெல் பதில் சொன்னது. பிளாஸ்மிட் இறுகிய பக்கம் நின்றது. அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போடி என்று நான் கத்தினேன். “மாத்திர போட்டுட்டேன்லா” என்று சிரித்துக்கொண்டே ஜெல்லைப் படம் எடுத்தாய். டெங்கி என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அடுத்த வாரம் நீ இல்லை.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உன்மேலா, என்மேலா, அந்தக் கொசுவின்மேலா, சொல்லத் தெரியவில்லை.

ரயில் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தால் தொடர்கிறேன்.

இடம் கிடைக்கவில்லை. கதவோரம் சாய்ந்து நின்று எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

உன் பெயரை முதலில் போட்டு டாக்டர் கட்டுரையை அனுப்பினார். டாக்டர் என்றால் நம் ஆய்வுக்கூடத்தின் தலைவர், நீ முதுகுக்குப் பின்னால் ‘பெரியம்மா’ என்று கூப்பிடுவாயே, அவர்தான். படித்துப் பார்த்த நிபுணர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த ஜெல்லை இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா? முடியாமல் என்ன, என்று நான் இறங்கினேன். உன் நோட்டைத் திறந்து, நீ எழுதியிருந்ததை வரிக்கு வரி பின்பற்றினேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பிளாஸ்மிட் தளர்ந்த பக்கம் நின்றது. உன் படத்துக்கு நேர் எதிர்.

போன மாதம் கூட்டம் போட்டார்கள். டாக்டர், நான்கு மாணவர்கள், நான். டாக்டர் யாரையும் நோகடிக்கிறவர் இல்லை, உனக்கே தெரியும். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அவளுக்கு அப்போது உடம்பு சரியில்லையே, குழாய்கள் மாறிப்போயிருக்குமோ? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவள் நான்தானே.

“இருக்கலாம்” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. உன் கையை எனக்குத் தெரியும். குழாய் மேல் பெயர் எழுதிவிட்டு, எழுதியதை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த குழாயைத் தொடுவாய். எரிச்சலாகக்கூட இருக்கும் எனக்கு. அப்படியிருந்தும் சொன்னேன். ஏன் சொன்னேன்? மூன்று முறை செய்த என் கை தப்பாக இருக்க முடியாது என்ற திமிர்தான். செத்துப்போனவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டாள் என்ற தைரியமும் உள்ளே எங்கோ இருந்திருக்கும். எழுதும்போதே கூசுகிறது.

அந்தப் படத்தை எடுத்துவிட்டால் கட்டுரையில் உன் வேலை என்று ஒன்றும் மிஞ்சாது. முதலில் இருக்கும் உன் பெயர் கடைசிப் பக்கத்து நன்றி வரிக்கு இறங்கிவிடும். குழாயை மாற்றிப்போட்ட பெண் என்று நாலு மாணவர்கள் நாலு இடத்தில் சொல்வார்கள். டாக்டர் பதில் அனுப்ப வேண்டிய நாள் நாளை, வெள்ளிக்கிழமை.

காலை பதினொரு மணி. ஆய்வுக்கூடம். ஜெல் பெட்டி உன் மேசையில்தான் இருக்கிறது. அதில் குளோரோகுயின் ஊற்றியிருக்கிறேன். அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு விழுங்கிய அதே மருந்துதான். அது டி.என்.ஏ.வின் இழைகளுக்கு நடுவே நுழைந்து முறுக்கைக் கொஞ்சம் மாற்றும். அதனால் இறுகியதும் தளர்ந்ததும் ஜெல்லில் வேறு வேறு பக்கம் பிரிந்து போகும். ஒரு வில் மாதிரி கோடு விழும். இடப்பக்கம் வெளிச்சமானால் தளர்ந்தது, வலப்பக்கம் வெளிச்சமானால் இறுகியது. இதுவரை ஐந்து தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். சாயம் போடாத ஜெல்லில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிந்தேதான் போகிறேன்.

உன் மேசையில் உன் பொருள் என்று எதுவும் இல்லை. காரணம் நான்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் உன் சாமான்களையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டி உங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இறந்தவள் பொருளை வேலை செய்யும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். உன் கோப்பை, கம்பளிச் சட்டை, செருப்பு, தலை கிளிப், எல்லாம். அந்தச் சில்வர் தாம்பாளத்தையும்.

ஞாபகம் இருக்கிறதா அது? ஆயுத பூசைக்கு நீ வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சுழல் இயந்திரத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தாம்பாளத்தில் பழமும் பொரியும் வைத்துக் கும்பிட்டோம். டாக்டர்கூட வந்து பொரி எடுத்துக்கொண்டார். பூசை முடிந்தும் நீ அதைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. அலமாரிக்கு அடியிலேயே கிடந்தது. பூசைத் தட்டு என்றுதான் நினைத்தேன். நீ அதில் எதையோ வைத்து வேலை செய்வதைப் பார்த்தபோதுகூட, சாமித் தட்டில் என்னடி என்று அதட்டினேனே தவிர, என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் உன் அப்பாவின் பழைய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கோலா சிலாங்கூர் ஜெட்டியில் மீன் எடுத்து, மோட்டாரில் தோட்டம் தோட்டமாக விற்கும் மனிதரின் பெட்டி. கழுவித்தான் கொண்டுவந்திருந்தாய். நான் சும்மா இருந்தேனா? “என்னடி, ஆய்வுக்கூடமா மீன் மார்க்கெட்டா?” என்று மூக்கைப் பொத்திக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் நீ எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்தே அந்தப் பெட்டியோடு வேலை செய்தாய். அதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

உன் நோட்டில் நீ எழுதியிருந்தது மூன்றே சொற்கள்: ‘ஐஸில் உடனே குளிரவைத்தேன்.’ நானும் ஐஸில்தான் வைத்தேன். சூடாக வளர்ந்த உயிரைப் பெரிய குழாயில் ஊற்றி, குழாயை ஐஸ் பெட்டியில் குத்தி வைத்தேன். எல்லோரும் செய்வதுதானே? இந்த உயிர்கள் ஆறும்போது, இனி இவ்வளவு இறுக்கம் வேண்டாம் என்று சில நிமிடங்களிலேயே முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும். படித்திருக்கிறேன். ஐஸில் வைத்தால் அதற்கெல்லாம் நேரமிருக்காது என்று நினைத்தேன்.

கண்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். நாசி லெமாக் சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கும் போலிருக்கிறது.

போன ஞாயிறு உன் ஓராண்டுத் திதி. கல்யாணமாகாமல் போன பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது உங்கள் வீட்டு வழக்கம் அல்லவா? பிரம்புப் பெட்டியில் உனக்கென்று பட்டுப் பாவாடை, வளையல், கண்ணாடி, சீப்பு எல்லாம் வைத்து மூடி, சாமி அறை மூலையில் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்களாம். நீ தெய்வமாகிவிட்டாய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைப் போய்க் கும்பிடுவதா? பிறகு பெட்டியைத் திறந்தார்கள். உன் தலை கிளிப்பைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தாம்பாளமும் அதற்குள்தான் இருந்தது. அம்மா அதைப் படையலுக்காக வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கப் புலம்பினார்.

“புதுத் தாம்பாளமாத்தான் கொண்டுகிட்டுப் போனா. என்னா பண்ணாளோ, அடியெல்லாம் உப்பு அரிச்ச புள்ளி. எவ்ளோ புளி போட்டுத் தேச்சாலும் போவ மாட்டுது.”

வெறும் பேச்சுக்குத்தான் கேட்டேன். “உப்பா? உப்பு எப்படிம்மா படும் இதுல?”

வாசலில் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்தே பதில் சொன்னார். “நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளு போன் பண்ணி, ‘ஏம்பா, கெம்போங் மீன எப்படிப்பா கல்லு மாதிரி வச்சிருக்க’ன்னா. ஐஸ்ல உப்புப் போட்டுக் கலக்கும்மா, வெறும் ஐஸவிட அது ரொம்பச் சில்லுனு புடிக்கும்னேன். குமிச்சுப் போடாத, தகரத்துல பரப்பிப் போடுன்னேன். அடுத்த நாளே பெட்டியக் கேட்டு வாங்கிட்டுப் போனா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய குழாயில் இருக்கும் வெந்நீர் ஐஸுக்குள் ஆற எவ்வளவு நேரமாகும்? வெளிப்பக்கம் குளிரும், நடுவில் சூடு அப்படியே நிற்கும். நிமிடக்கணக்கில் ஆறும். அந்த நேரத்துக்குள் உன் உயிர்கள் முறுக்கைத் தளர்த்திவிடுகின்றன. நீயோ உப்பு கலந்த ஐஸ் மேல் தாம்பாளத்தை வைத்து, அதில் அந்த வெந்நீரை மெல்லிசாகப் பரப்பி ஊற்றியிருக்கிறாய். இருபது எண்ணுவதற்குள் குளிர்ந்துபோயிருக்கும். அவற்றுக்கு மாற்றிக்கொள்ள நேரமே இருந்திருக்காது. எண்பது டிகிரியில் எப்படி இருந்தனவோ அப்படியே நின்றுவிட்டன.

நான் மூன்று மாதமாகத் தேடியது உன் கன்னிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பூட்டக் கொடுத்ததும் நான்தான்.

“இத நோட்டுல எழுதிக்கிட்டியாம்மான்னு கேட்டேன்” என்றார் அப்பா. “வேணாம்பா, மீன் வாசம்னு சிரிப்பாங்கன்னா.”

யார் சிரித்தது என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

தாம்பாளத்தைக் கேட்டேன். வேறு தட்டில் செய்தாலும் வரலாம். ஆனால் நீ செய்தது போலவே செய்ய வேண்டும், அதே தட்டில், அதே பெட்டியில். இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது. அம்மா தாம்பாளத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“கன்னிப் பெட்டில வச்சத வெளிய குடுக்கறதில்லம்மா. அவளுக்குன்னு படைச்சது. எதுக்கு வேணும் ஒனக்கு?”

என்ன சொல்வேன்? பொய் சொல்ல வாய் வந்தது. ஞாபகத்துக்காக என்று சொல்லியிருந்தால் அழுதுகொண்டே கொடுத்திருப்பார். உன் படத்துக்கு முன்னால், உன் பாவாடைக்கு முன்னால், எனக்குப் பொய் வரவில்லை.

“அவ வேலையில தப்புப் பண்ணியிருக்கலாம்னு நான் சொல்லிட்டேம்மா. எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். அவ பண்ணல. நாந்தான் பண்ணேன். அத காட்டறதுக்கு வேணும்.”

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாம்பாளத்தின் அடியில் இருந்த புள்ளிகளை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். அப்பா அந்தப் பழைய ஐஸ் பெட்டியைக் கழுவிக் கொடுத்தார்.

“வெள்ளிக்கெழம வெளக்கேத்தறதுக்குள்ள கொண்டாந்துரு. அதுவரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருக்கேன்.”

அந்தப் பெட்டி ஞாயிறிலிருந்து திறந்தே இருக்கிறது, பூங்கொடி. அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் போனேன். உப்பையும் ஐஸையும் சொன்னேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாததால் ஒன்று கேட்டேன். ஒரே குடுவையை இரண்டாகப் பிரிப்பேன். பாதியை என் வழியில் குழாயில் ஆறவைப்பேன், பாதியை உன் வழியில் தாம்பாளத்தில். ஆறிய பிறகு, எது எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாதபடி டாக்டரே சிவப்பு, நீல ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். உனக்காக ஆசைப்பட்டுத் தப்பாகப் பார்த்துவிடுவேனோ என்று பயம். ஒட்டிக் கொடுத்தார். எது எது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தாம்பாளத்தில் ஊற்றியபோது ஆவி பொங்கி எழுந்து என் கண்ணாடியை மூடியது. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் தட்டின் ஓரத்தில் மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. மீன் வாசம் கொஞ்சம் அடித்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை.

மூன்றாகப் பத்து நிமிடம். ஒருவேளை இரண்டும் இடப்பக்கம் நின்றால்? நீ உண்மையிலேயே குழாயை மாற்றியிருந்தால்? அப்போது நான் உன் அம்மாவிடம் என்னவென்று போய் நிற்பேன்? இந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது என்பதையும் உனக்கு எழுதிவைக்கிறேன். முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். சாயத்தில் போடப் போகிறேன்.

நான்கரை மணி.



டாக்டரைக் கூப்பிட்டேன். விளக்கை அணைத்துவிட்டு ஜெல்லை வெளிச்சப் பெட்டிமேல் வைத்தோம். சிவப்பில் இடப்பக்கம் வெளிச்சம், நான் மூன்று முறை பார்த்துப் பார்த்து அலுத்த அதே படம். நீலத்தில் வில்லின் வலப்பக்கம் மணி மணியாக எரிந்தது. டாக்டர் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். பிரிக்க எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் தெரியுமா, பாவி மனுஷி!

நீலம்தான் தாம்பாளம்.

அழுதேனா என்று கேட்காதே. அழுதேன். டாக்டர் உன் பழைய படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் அச்சு அசல். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செய்முறைப் பகுதியில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன். உப்பு கலந்த ஐஸ், சில்வர் தாம்பாளம், மெல்லிசாகப் பரப்பி ஊற்றியது. நன்றி வரியில் உன் அப்பாவின் பெயரைப் போட வேண்டும் என்றும் சொன்னேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். மீன் வியாபாரம் என்றேன், சத்தமாகவே.

அப்புறம் அந்த நான்கு மாணவர்களையும் கூப்பிட்டேன். போன மாதம் நான் சொன்னது தப்பு, பூங்கொடி எந்தக் குழாயையும் மாற்றவில்லை, அவள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் நான் செய்த கிண்டல் என்று சொன்னேன். ஒரு பெண் எழுந்து, அப்படியானால் நம்முடைய பழைய ஜெல்களையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டுமா அக்கா என்று கேட்டாள். ஆமாம், எல்லாவற்றையும் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இப்போது நான் தாம்பாளத்தைக் கழுவி, துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றிவிட்டேன். நாளை பாதி நாள் விடுப்பு. டாக்டர் பதிலை அனுப்பியதும் கிளம்பி, விளக்கேற்றுவதற்கு முன் புக்கிட் ரோத்தானில் இருப்பேன். தாம்பாளத்தின் அடியில் இன்றைய ஜெல் படத்தை வைத்துக் கொடுப்பேன். உன் பாவாடைக்கும் வளையலுக்கும் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். தெய்வமாக இருக்கிறவளுக்கு அவள் செய்த வேலை பக்கத்தில் இருக்க வேண்டாமா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாருடைய வேலையைப் பற்றி யார் கேட்டாலும், போய்ப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன். வருடா வருடம் பெட்டி திறக்கும் நாளில் வருவேன், அந்த வருடம் உன் உயிர்கள் என்ன செய்தன என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போவேன். அம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாம்பாளத்துக்கு இனிப் புளி போட வேண்டாம். நீ நோட்டில் எழுதாமல் விட்டது அந்த உப்புப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

உன்னைச் சந்தேகப்பட்டவள், உன்னால் திருந்தியவள்,
உன் அக்கா
கலா